வெள்ளைத் திட்டுக்குள் ஒரு நஞ்சு

கைக்குழந்தையின் நாக்கிலும் கன்னத்தின் உட்புறத்திலும் தயிர்த் திப்பி ஒட்டியிருப்பது போல வெள்ளைத் திட்டுகள் படிந்திருப்பதை நீங்கள் பார்த்திருக்கக்கூடும். பால்தான் படிந்திருக்கிறது என்று எண்ணித் தாய் ஈரத்துணியால் துடைப்பாள். பால் என்றால் வந்துவிடும். இது எளிதில் வராது. சற்று அழுத்தித் துடைத்தால் அடியில் இரத்தச் சிவப்பாகப் புண் தெரியும். குழந்தை வீரிட்டு அழும். நம் பெரியவர்கள் இதை அக்கரம் என்றார்கள்.

அந்த வெள்ளைத் திட்டில் ஊசிமுனையளவு எடுத்து நுண்ணோக்கியின் கீழ் வைத்தால் இரண்டு விதமான உருவங்கள் தெரியும். ஒன்று, முட்டை வடிவில் தனித்தனியாக நிற்கும் செல்கள். மற்றொன்று, ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும் நீண்ட இழைகள். இவை இரண்டு வேறு உயிர்கள் என்று எண்ணிவிடாதீர்கள். இரண்டும் ஒன்றே. அதன் பெயர் காண்டிடா ஆல்பிகன்ஸ். ரொட்டி மாவைப் பொங்க வைக்கும் ஈஸ்ட்டுக்குத் தூரத்து உறவான ஒரு பூஞ்சை. காண்டிடா என்ற இனப்பெயரை 1923-இல் சூட்டியவர் கிறிஸ்டீன் பெர்க்ஹவுட் என்ற டச்சு அம்மையார். லத்தீன் மொழியில் அச்சொல்லுக்கு வெண்மை என்பது பொருள். ஆல்பிகன்ஸ் என்பதற்கும் வெளுப்பது என்றுதான் பொருள்! ஒரே நிறத்தை இருமுறை சொல்லும் பெயர் இது.

இந்தப் பூஞ்சை எங்கிருந்து வந்து குழந்தையைப் பற்றியது? பெரும்பாலும் தாயிடமிருந்துதான். தாய்க்கு அது எங்கிருந்து வந்தது? அவள் உடலிலேயே இருந்தது. காலரா நீரில் வருகிறது, மலேரியா கொசுவில் வருகிறது என்று படித்துப் பழகிய நமக்கு இது சற்று விசித்திரமாகத் தோன்றும். காண்டிடா நம்மில் மிகப் பலருடைய வாயிலும் குடலிலும், பெண்களின் பிறப்புறுப்புப் பாதையிலும் வாழ்நாள் முழுவதும் குடியிருக்கிறது. இந்த வரிகளைப் படித்துக்கொண்டிருக்கும் உங்கள் வாயிலும் இருக்கலாம். வாடகை கொடுக்காவிட்டாலும் தொல்லையும் கொடுக்காத குடித்தனக்காரர் அது.

ஆனால் சில வேளைகளில் அதுவே நோயாக மாறுகிறது. உலகப் பெண்களில் நான்கில் மூவருக்கு வாழ்நாளில் ஒரு முறையேனும் பிறப்புறுப்பில் காண்டிடா நோய் வருகிறது. தாங்கமுடியாத அரிப்பு, எரிச்சல், வெண்ணிறக் கசிவு ஆகியவை அதன் அறிகுறிகள். ஆண்டுக்கு நான்கு முறையோ அதற்கு மேலோ இது திரும்பத் திரும்ப வந்து வதைக்கும் பெண்கள் ஏறத்தாழ 13 கோடியே 80 லட்சம் பேர் என்று 2018-இல் வெளியான ஒரு மதிப்பீடு கூறுகிறது. வெட்கத்தால் வெளியே சொல்லாமல் துன்பப்படுவோர் இதில் எத்தனை பேரோ! எய்ட்ஸ் நோயாளிகளின் வாயும் தொண்டையும் இதனால் புண்ணாகி, உணவு விழுங்க முடியாமல் போகிறது. புற்றுநோய்க்கு மருந்தேற்றப்பட்டவர்கள், தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடப்பவர்கள் ஆகியோரின் இரத்தத்தில் காண்டிடா புகுந்துவிட்டால் நிலைமை விபரீதம். உயிர் பிழைப்பதே அரிதாகிவிடலாம். உலக சுகாதார நிறுவனம் 2022-இல் ஆபத்தான பூஞ்சைகளின் பட்டியல் ஒன்றை முதன்முதலாக வெளியிட்டபோது, மிக முக்கியமானவை என்ற முதல் வரிசையில் வைத்த நான்கில் காண்டிடா ஆல்பிகன்ஸும் ஒன்று.

ஒரே உயிர் ஒருவரிடம் சாதுவாகவும் மற்றொருவரிடம் கொடியதாகவும் நடந்துகொள்வது எப்படி? இந்தக் கேள்விக்கான விடையில் ஒரு பெரும் பகுதி, 31 அமினோ அமிலங்கள் மட்டுமே கொண்ட ஒரு சின்னஞ்சிறு நஞ்சில் அடங்கியிருந்தது. அது 2016-ஆம் ஆண்டில்தான் வெளிச்சத்துக்கு வந்தது.

உருண்டையும் இழையும்

காண்டிடாவின் இரண்டு உருவங்களைப் பற்றி மேலே சொன்னோம். சாதாரணமாக அது முட்டை வடிவ ஈஸ்ட்டாக இருந்து, மொட்டு விட்டுப் பெருகுகிறது. தக்க சூழ்நிலை கிடைத்ததும் அதே செல்லிலிருந்து ஒரு முளை கிளம்பி, நூல் போல நீண்டு வளர்கிறது. இதை நீங்கள் மருத்துவமனை ஆய்வுக்கூடத்தில் கண்ணாரக் காணலாம். சிறிது இரத்தச் சீரத்தில் காண்டிடாவைக் கலந்து, உடல் வெப்பநிலையான 37 டிகிரியில் வைத்துவிட்டு, இரண்டு மூன்று மணி நேரம் கழித்துப் பார்த்தால் செல்களிலிருந்து சிறு குழாய்கள் முளைத்திருக்கும். நனைய வைத்த பயறு முளை விடுவதைப் போன்ற காட்சி. நோயாளியிடமிருந்து எடுத்த ஈஸ்ட் காண்டிடா ஆல்பிகன்ஸ்தானா என்று தெரிந்துகொள்ள இதையே ஓர் எளிய சோதனையாகப் பல காலமாகப் பயன்படுத்தி வருகிறார்கள்.

நோயுற்ற திசுக்களில் இந்த இழைகள் சளிச்சவ்வின் செல்களைத் துளைத்துக்கொண்டு உள்ளே போயிருப்பதை மருத்துவர்கள் கண்டனர். ஆகவே இழைதான் ஆயுதம் என்ற எண்ணம் வலுப்பெற்றது. 1997-இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் இரண்டு ஜீன்களை நீக்கி, இழையாக மாறவே முடியாத காண்டிடாவை உருவாக்கினர். அதை எலிகளின் இரத்தத்தில் செலுத்தியபோது எலிகள் சாகவில்லை.

விஷயம் முடிந்தது என்று தோன்றுகிறதல்லவா? முடியவில்லை. ஈட்டி வைத்திருந்தவனிடமிருந்து ஈட்டியைப் பறித்தோம்; அவனால் கொல்ல முடியவில்லை. சரி. ஆனால் கொன்றது ஈட்டியின் கூர்மையா, அல்லது அதன் முனையில் தடவியிருந்த நஞ்சா? ஈட்டியையே எடுத்துவிட்டால் இதற்கு விடை காண முடியாது. ஈட்டியை விட்டுவைத்து, நஞ்சை மட்டும் துடைத்துப் பார்க்க வேண்டும். நஞ்சு என்று ஒன்று இருப்பதாகவே யாருக்கும் திட்டவட்டமாகத் தெரியாதபோது எதைத் துடைப்பது?

பாக்டீரியாக்களின் நஞ்சுகள் நமக்குப் புதியவை அல்ல. தொண்டை அடைப்பான் நஞ்சு, காலரா நஞ்சு, தசைகளை விறைக்க வைக்கும் டெட்டனஸ் நஞ்சு என்று பள்ளிக்கூடத்திலேயே படித்திருக்கிறோம். மனிதரைத் தாக்கும் பூஞ்சைகளிலோ, செல்களை நேரடியாக உடைக்கும் இப்படிப்பட்ட புரத நஞ்சு ஒன்றுகூட அதுவரை கண்டுபிடிக்கப்படவில்லை. காண்டிடா வெளிவிடும் புரதம் கரைக்கும் என்சைம்களும் கொழுப்பைக் கரைக்கும் என்சைம்களும்தான் குற்றவாளிகள் என்று நீண்ட காலம் சந்தேகிக்கப்பட்டன. அவற்றின் மேல் வழக்கு முழுமையாக நிரூபணம் ஆகவில்லை.

யாரும் கவனிக்காத ஜீன்

1993-இல் ஈ.சி.ஈ.-1 என்ற ஜீன் கண்டறியப்பட்டது. காண்டிடா இழையாக நீளத் தொடங்கியதும் இந்த ஜீன் மிகுந்த வேகத்துடன் வேலை செய்யும். ஈஸ்ட் உருவில் இருக்கும்போது ஓய்ந்திருக்கும். "செல் நீளும் அளவு" என்ற பொருள் தரும் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளே அதன் பெயர். அப்படியானால் இழையாக நீள்வதற்கு இந்த ஜீன்தான் காரணமா? அதை நீக்கிப் பார்த்தார்கள். காண்டிடா எப்போதும் போலவே இழை விட்டது! எதற்காக இவ்வளவு புரதத்தை மாய்ந்து மாய்ந்து செய்கிறது என்று விளங்கவில்லை. இருபது ஆண்டுகளுக்கு மேலாக இந்த ஜீன், இழை உண்டாகிவிட்டது என்று காட்டும் ஓர் அடையாளக் கொடியாகவே ஆய்வுக்கூடங்களில் பயன்பட்டு வந்தது. விஞ்ஞானத்தில் இப்படி நடப்பது உண்டு. தேடும் பொருள் மேசைமேலேயே கிடக்கும்.

லண்டன் கிங்ஸ் கல்லூரியில் ஜூலியன் நாக்லிக் என்பவரும், ஜெர்மனியில் யேனா நகரத்தில் பெர்ன்ஹார்ட் ஹூபே என்பவரும் தத்தம் குழுவினருடன் வேறொரு கேள்வியைப் பின்தொடர்ந்து கொண்டிருந்தனர். வாயின் சளிச்சவ்வுச் செல்கள் காண்டிடாவின் ஈஸ்ட் உருவத்தைப் பொருட்படுத்துவதில்லை. இழை உருவத்தைக் கண்டால் மட்டும் அபாயக் குரல் எழுப்புகின்றன. இதை லண்டன் குழுவினர் 2010-இல் காட்டினார்கள். இழையில் உள்ள எதைக் கண்டு அவை குரல் எழுப்புகின்றன? ஜீன்களை ஒவ்வொன்றாக நீக்கிய காண்டிடா வகைகளைச் சளிச்சவ்வுச் செல்களின் மேல் விட்டுப் பார்த்தபோது, ஈ.சி.ஈ.-1 நீக்கப்பட்ட வகை தனியாகத் தெரிந்தது. அது வழக்கம் போல இழை விட்டது. செல்களில் ஒட்டிக்கொண்டது. உள்ளேயும் துளைத்துச் சென்றது. ஆனால் செல்கள் சாகவில்லை. அபாயக் குரலும் எழவில்லை.

ஈட்டி அப்படியே இருக்கிறது. நஞ்சு மட்டும் துடைக்கப்பட்டுவிட்டது! மேலே நாம் கேட்ட கேள்விக்கு இதுதான் விடை.

அந்த ஜீன் உண்டாக்கும் புரதம் 271 அமினோ அமிலங்கள் கோத்த ஒரு நீண்ட சங்கிலி. அது அப்படியே வெளியே வருவதில்லை. காண்டிடாவின் செல்லுக்குள்ளேயே கெக்ஸ்-2 என்ற என்சைம் அதை ஏழு இடங்களில் வெட்டி எட்டுத் துண்டுகளாக்குகிறது. கரும்பைக் கணுவுக்குக் கணு நறுக்குவது போல, லைசினும் ஆர்ஜினினும் அடுத்தடுத்து வரும் இடங்களில் மட்டுமே இந்தக் கத்தரி விழும். எட்டுத் துண்டுகளையும் ஆராய்ச்சியாளர்கள் தனித்தனியாகச் செயற்கை முறையில் தயாரித்துச் செல்களின் மேல் இட்டுப் பார்த்தனர். ஏழு துண்டுகள் சும்மா இருந்தன. மூன்றாவது துண்டு மட்டும் செல்களை உடைத்தது. அதன் நுனியிலுள்ள ஓர் ஆர்ஜினினை இன்னொரு என்சைம் கத்தரித்த பிறகு எஞ்சுவது 31 அமினோ அமிலங்கள். இதற்கு, காண்டிடாவின் உடைப்பான் என்ற பொருளில், காண்டிடாலைசின் என்று பெயரிட்டு 2016-இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்டனர். மனிதரைத் தாக்கும் பூஞ்சையில் கண்டறியப்பட்ட, செல்லை உடைக்கும் முதல் புரத நஞ்சு அதுதான். எலிகளின் வாயிலும், வரிக்குதிரை மீன் குஞ்சுகளிலும் சோதித்தபோதும் இந்த நஞ்சு இல்லாத காண்டிடாவால் பெரிய சேதம் விளைவிக்க முடியவில்லை.

கெக்ஸ்-2 என்ற அந்தக் கத்தரியைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. அது முதலில் அறியப்பட்டது ரொட்டி ஈஸ்ட்டில். அந்த ஈஸ்ட்டில் சில வகைகள் ஒரு நஞ்சைச் சுரந்து பக்கத்திலுள்ள மற்ற ஈஸ்ட்டுகளைக் கொன்றுவிடும். அவற்றுக்குக் கொலைகார ஈஸ்ட் என்றே பெயர். அந்த நஞ்சை வெட்டித் தயாரிக்கும் கத்தரியே கெக்ஸ்-2. இதே குடும்பத்தைச் சேர்ந்த கத்தரிகள் நம் உடலிலும் இருக்கின்றன. கணையத்தில் முழுமை பெறாத இன்சுலின் சங்கிலியை வெட்டிப் பயன்படும் இன்சுலினாக ஆக்குபவை அவைதாம். நம்மைக் காக்கும் ஹார்மோனும் நம்மைத் தாக்கும் நஞ்சும் ஏறத்தாழ ஒரே பட்டறையில் தயாராகின்றன!

செல்லில் விழும் ஓட்டை

காண்டிடாலைசின் செல்லை எப்படி உடைக்கிறது? தேனீயின் கொடுக்கில் உள்ள மெலிட்டின் என்ற நஞ்சைச் சிலர் கேள்விப்பட்டிருக்கலாம். 26 அமினோ அமிலங்கள் கொண்ட அது, சுருள்கம்பி போல முறுக்கிக்கொண்டு செல்லின் சவ்வில் புகுந்துவிடும். காண்டிடாலைசினும் அந்த வகையைச் சேர்ந்ததே. செல்லின் சவ்வு கொழுப்பால் ஆனது என்பது உங்களுக்குத் தெரியும். இந்த நஞ்சின் பெரும் பகுதி தண்ணீரை வெறுத்துக் கொழுப்பை நாடும் தன்மையுடையது. வால்பகுதி மட்டும் நேர் மின்னேற்றம் கொண்டு தண்ணீருடன் இணங்கிப் போவது. 2022-இல் வெளியான ஆய்வு ஒன்று மேலும் ஒரு வியப்பைக் காட்டியது. இந்த நஞ்சின் மூலக்கூறுகள் தண்ணீரில் இருக்கும்போதே ஒன்றோடொன்று கைகோத்துச் சங்கிலியாகின்றன. சங்கிலி வளைந்து வளையமாகிறது. அந்த வளையம் சவ்வில் பதிந்ததும் அதுவே ஓர் ஓட்டை ஆகிவிடுகிறது.

ஓட்டை வழியாக வெளியிலுள்ள கால்சியம் செல்லுக்குள் பாய்கிறது. ஓட்டைகள் சில என்றால் செல் அடைத்துக்கொண்டு பிழைத்துவிடும். பல என்றால் செல் சாகும். இந்த அளவுக் கணக்கைச் சற்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

வாயில் எச்சில் ஓடிக்கொண்டே இருக்கிறது. அப்படியிருக்க நஞ்சு கரைந்து அடித்துச் செல்லப்படாதா? இங்கேதான் இழையின் வேலை வருகிறது. இழை ஒரு செல்லுக்குள் நுழையும்போது, அச்செல்லின் சவ்வு அதைச் சுற்றி உறை போல உட்குழிந்து கொடுக்கிறது. வாள் செருகிய உறையில் எவ்வளவு இடைவெளி இருக்கும்? அந்தக் குறுகிய இடைவெளிக்குள் இழை நஞ்சைச் சுரக்கிறது. கரைந்தோட வழியின்றி அங்கேயே தேங்கிச் செறிவு ஏறுகிறது. இழை இல்லாவிட்டால் நஞ்சுக்கு இடமில்லை. நஞ்சு இல்லாவிட்டால் இழைக்குப் பல்லில்லை.

நஞ்சே காட்டிக்கொடுக்கிறது

இதுவரை சொன்னது பாதிக் கதைதான். நஞ்சு என்றால் செல்லைக் கொல்லும், அவ்வளவுதானே என்று நினைப்போம். காண்டிடாலைசின் விஷயத்தில் நஞ்சு செய்யும் சேதத்தைவிட, அதைக் கண்டு நம் உடல் செய்யும் ஆர்ப்பாட்டம் முக்கியமானதாக இருக்கிறது.

சளிச்சவ்வுச் செல்களின் மேற்புறத்தில் வளர்ச்சிச் செய்தியை வாங்கும் ஓர் ஏற்பி உண்டு. காயம் பட்ட இடத்தில் செல்கள் பெருகிப் புண் ஆற வேண்டும் என்ற செய்தியை வாங்கி உள்ளே அனுப்புவது அதன் வேலை. காண்டிடாலைசின் தாக்கியதும் இந்த ஏற்பி தூண்டப்படுகிறது என்று 2019-இல் கண்டனர். செல்லைக் கொல்லப் போதாத சிறு அளவு நஞ்சே இதற்குப் போதும். செய்தி உட்கருவை எட்டியதும் இன்டர்லூக்கின்கள் முதலான செய்தி மூலக்கூறுகள் வெளியே கொட்டுகின்றன. இரத்தத்தில் சுற்றிக்கொண்டிருக்கும் நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுக்கள் இவற்றின் அழைப்பைக் கேட்டுக் குழாய்ச் சுவரைப் பிதுக்கிக்கொண்டு திசுவுக்குள் வந்து சேர்கின்றன. பூஞ்சையை விழுங்கியும், அதன் மேல் வீரியமுள்ள வேதிப்பொருள்களைக் கொட்டியும் அழிப்பவை இவையே.

வாயில் இன்னொரு படை உண்டு. இன்டர்லூக்கின்-17 என்ற செய்திப் பொருளைச் சுரக்கும் நிணநீர்ச் செல்கள் அவை. எலிகளின் வாயில் இந்தச் செல்களை எழுப்புவதிலும் காண்டிடாலைசினுக்குப் பங்கு உண்டு என்று 2017-இல் தெரிந்தது. எய்ட்ஸ் நோயாளிகளுக்கு ஏன் வாயில் அக்கரம் வருகிறது என்பது இப்போது உங்களுக்கு விளங்கும். எச்.ஐ.வி. கிருமி அழிக்கும் செல்களில் இன்டர்லூக்கின்-17 சுரக்கும் செல்களும் அடங்கும். நஞ்சு மணியடிக்கிறது, வந்து நிற்கத்தான் ஆளில்லை. பிறவியிலேயே இந்தச் செய்தி வழி பழுதுபட்ட சில குழந்தைகளுக்கு வாயிலும் தோலிலும் நகத்திலும் காண்டிடா நோய் ஆண்டுக்கணக்கில் விடாமல் பற்றிக்கொள்கிறது.

மூளையிலும் இதே மணியடிப்பு நடக்கிறது. காண்டிடா மூளைக்குள் புகுந்துவிட்டால், அங்கே காவல் இருக்கும் நுண்காவற் செல்கள் காண்டிடாலைசினை உணர்ந்து, நியூட்ரோஃபில்களை அழைக்கின்றன என்று எலிகளில் 2019-இல் காட்டப்பட்டது. ஆக, பூஞ்சை தன் ஆயுதத்தாலேயே தன்னைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. கன்னமிடும்போது எழும் ஓசையே வீட்டுக்காரரை எழுப்பிவிடுவது போன்றது இது.

படை வந்தும் பயனில்லை

அப்படியானால் இந்த ஓசை நமக்கு நல்லதுதானே? வாயில் நல்லது. பிறப்புறுப்புப் பாதையில் அதுவே பெரும் துன்பம்.

2004-இல் அமெரிக்காவில் பால் ஃபிடெல் என்பவரின் குழுவினர் ஒரு துணிச்சலான சோதனையை வெளியிட்டனர். தாமாக முன்வந்த பெண்களின் பிறப்புறுப்புப் பாதையில் உயிருள்ள காண்டிடாவை வைத்துக் கவனித்தார்கள். சிலருக்கு மட்டும் அரிப்பும் எரிச்சலும் வந்தன. மற்றவர்களுக்குப் பூஞ்சை இருந்தும் ஒன்றும் நேரவில்லை. துன்பப்பட்டவர்களிடம் பார்த்தால், நியூட்ரோஃபில்கள் கூட்டம் கூட்டமாக வந்து குவிந்திருந்தன. துன்பப்படாதவர்களிடம் அவை வரவில்லை. காப்பாற்ற வர வேண்டிய படை வந்த இடத்தில்தான் நோயே இருந்தது!

நியூட்ரோஃபில்கள் வந்தாலும் அந்த இடத்தில் அவற்றால் பூஞ்சையைக் கொல்ல முடிவதில்லை. எலிகளில் நடத்திய ஆய்வுகள் இதற்கு ஒரு காரணம் கூறுகின்றன. அங்குள்ள ஹெப்பரான் சல்ஃபேட் என்ற பொருள், நியூட்ரோஃபில் பூஞ்சையைப் பற்றிக்கொள்ளப் பயன்படும் கையையே போய்ப் பிடித்துக்கொள்கிறதாம். எதிரியைப் பிடிக்க முடியாத படை ஊரைத்தானே கொள்ளையிடும்? நியூட்ரோஃபில்கள் கொட்டும் வேதிப்பொருள்கள் சொந்தத் திசுவையே சிவக்கவும் வீங்கவும் வைக்கின்றன. அந்தப் பெண் அனுபவிக்கும் எரிச்சலின் பெரும் பகுதி பூஞ்சை தந்தது அல்ல, அவளுடைய வெள்ளணுக்கள் தந்தது.

இந்தப் பயனற்ற படையை அழைப்பது யார் என்பது 2018-இல் தெளிவாயிற்று. காண்டிடாலைசின் இல்லாத காண்டிடாவை எலிகளின் பிறப்புறுப்புப் பாதையில் விட்டபோது நியூட்ரோஃபில்கள் வந்து குவியவில்லை, திசுவும் சேதமடையவில்லை. காண்டிடா குடும்பத்தில் கிளாப்ராட்டா என்ற வேறொரு வகை உண்டு. அது இழை விடுவதில்லை. அதற்கு இந்த நஞ்சும் கிடையாது. பிறப்புறுப்பில் அது இருந்தாலும் அரிப்பும் எரிச்சலும் பெரும்பாலும் குறைவாகவே இருப்பதன் காரணத்தை இங்கே நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

மருத்துவத்துக்கு இது சொல்லும் செய்தி ஒன்று உண்டு. பூஞ்சையைக் கொல்லும் மருந்தைக் கொடுத்துவிட்டால் நோய் தீர்ந்தது என்று நாம் எண்ணி வந்தோம். திரும்பத் திரும்ப வரும் நோயில், பூஞ்சையின் எண்ணிக்கையைவிட நஞ்சின் அளவும், நஞ்சுக்கு அந்தப் பெண்ணின் உடல் காட்டும் எதிர்ப்பின் அளவும் முக்கியமானவை. மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டும் நோய் ஏன் திரும்புகிறது என்று கேட்கும் பெண்ணைச் சுத்தமில்லாதவள் என்று கடிந்துகொள்வது அறியாமையே.

நஞ்சு பூஞ்சைக்கு எதற்கு?

நம்மைத் துன்புறுத்துவதால் காண்டிடாவுக்கு என்ன லாபம்? நஞ்சைச் சுரந்தால் வெள்ளணுக்கள் வந்துவிடுகின்றன. பேசாமல் இருந்தால் ஆயுள் முழுவதும் இலவசக் குடித்தனம். பின் ஏன் இந்த ஜீனைக் கைவிடாமல் வைத்திருக்கிறது?

2024-இல் அமெரிக்காவின் பிரௌன் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்ட முடிவு இதற்கு வெளிச்சம் காட்டுகிறது. எலிகளின் குடலில் பாக்டீரியாக்களை மருந்தால் ஒழித்துவிட்டுப் பார்த்தால், இழையாக மாற இயலாத காண்டிடாவே நன்றாகக் குடியேறியது. பாக்டீரியாக்கள் நிறைந்த குடலிலோ இழை விடக்கூடிய காண்டிடாதான் வென்றது. அந்த வெற்றிக்குக் காண்டிடாலைசின் கைகொடுத்தது. அது பாக்டீரியாக்களையும் ஒடுக்குகிறது! குடலில் இடத்துக்குப் போட்டி எவ்வளவு கடுமையானது என்பதை எண்ணிப் பாருங்கள். அங்கே இந்த நஞ்சு, நம்மோடு போரிடும் ஆயுதமாக மட்டுமின்றி, அண்டை வீட்டாரோடு வரப்புச் சண்டை போடும் தடியாகவும் பயன்படுகிறது.

வாயைப் பற்றிச் சூரிச் பல்கலைக்கழகத்தார் 2025-இல் இன்னொரு செய்தி தந்தனர். சாதுவாகக் குடியிருக்கும் காண்டிடா வகைகளுக்கும் எலியின் வாயில் காலூன்ற இந்த நஞ்சு சிறிது தேவைப்படுகிறது. அவை அதை மிகக் குறைந்த அளவில், அளந்து சுரக்கின்றன. கொடிய வகைகளோ அள்ளிக் கொட்டுகின்றன, வெள்ளணுக்கள் ஓடி வருகின்றன, குடியிருப்பு குலைகிறது. ஓட்டைகள் சிலவா பலவா என்ற அளவுக் கணக்கை நினைவில் வைக்கச் சொன்னோமே, அது இங்கே வந்து நிற்கிறது. சாதுவுக்கும் கொடியதற்கும் உள்ள வேறுபாடு நஞ்சு உண்டா இல்லையா என்பதல்ல, எவ்வளவு என்பதுதான்.

நஞ்சுக்கு மாற்று

பூஞ்சைக்கு மருந்து கண்டுபிடிப்பது பாக்டீரியாவுக்குக் கண்டுபிடிப்பதைவிடக் கடினம். பூஞ்சையின் செல் அமைப்பு நம் செல்லை ஒத்தது. அதைக் கொல்லும் பொருள் நம்மையும் தொட்டுப் பார்க்கும். ஆகவே ஃப்ளுகோனசோல் முதலான அசோல்கள், நிஸ்டாட்டின், ஆம்ஃபோடெரிசின் போன்றவை, எக்கினோகேண்டின்கள் என்று விரல்விட்டு எண்ணக்கூடிய மருந்து வகைகளே கையில் உள்ளன. அவற்றுக்கு மசியாத பூஞ்சைகளும் பெருகி வருகின்றன. பூஞ்சையைக் கொல்லாமல் அதன் நஞ்சை மட்டும் முறித்தால் என்ன?

நம் இரத்தத்தில் ஏற்கெனவே ஒரு நஞ்சுமுறி ஓடிக்கொண்டிருக்கிறது. இரத்தச் சீரத்தில் மிகுதியாக உள்ள ஆல்புமின் என்ற புரதம் காண்டிடாலைசினைப் பற்றிக்கொண்டு செயலற்றதாக்கிவிடுகிறது என்று 2021-இல் வெளியான ஆய்வு கூறியது. கொழுப்பை நாடும் பொருள்களைச் சுமந்து செல்வதே ஆல்புமினின் தொழில். அந்தக் கூடையில் இந்த நஞ்சும் விழுந்துவிடுகிறது. நோயால் நலிந்து, ஊட்டமின்றிக் கிடப்பவர்களின் இரத்தத்தில் ஆல்புமின் குறைந்து போவதை மருத்துவர்கள் அறிவார்கள்.

அடுத்த முயற்சி நுண்ணெதிர்ப்பொருள்கள். லாமா, ஒட்டகம் ஆகிய விலங்குகளின் எதிர்ப்பொருள்களில் ஒரு வகை, மற்ற விலங்குகளுடையதைவிட எளிய அமைப்புடையது. அதில் நஞ்சைப் பற்றும் நுனியை மட்டும் தனியே எடுத்தால் மிகச் சிறிய, ஆனால் உறுதியான ஒரு மூலக்கூறு கிடைக்கிறது. காண்டிடாலைசினைப் பற்றும்படி அமைந்த இத்தகைய நுண்ணெதிர்ப்பொருள்களை, பிறப்புறுப்புச் சளிச்சவ்வுச் செல்களின் மேல் காண்டிடாவை வளர்த்துச் சோதித்து, 2024-இல் முடிவுகளை வெளியிட்டனர். இழையைச் சுற்றியுள்ள அந்தக் குறுகிய உறைக்குள்ளும் அவை நுழைந்துவிட்டன. செல்களின் சேதம் குறைந்தது. அபாயச் செய்திகள் குறைந்தன. நியூட்ரோஃபில்களின் வருகையும் குறைந்தது. இவையெல்லாம் ஆய்வுக்கூடத் தட்டுகளில் வளர்த்த செல்களில் கண்டவை. நோயாளிக்குக் கொடுக்கும் மருந்தாக அது வடிவெடுக்க இன்னும் பல படிகள் ஏற வேண்டியிருக்கிறது.